இருபத்து நாலு நூல்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும்
முதலில் கேட்பது ஒன்றுதான்:
பீரோ எங்கே வரும்?

மதுரையில் நான் ஓடு பதித்த அறைகளில்
நாலு மூலையும் சரியாக நின்றது
இதுவரை ஒன்றில்லை.
மூலைமட்டத்தை வைத்தவுடன்
ஏதாவதொரு சுவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.
பொருந்தாததை எல்லாம் ஓர் ஓரத்துக்குத் தள்ளி,
வெட்டுத்துண்டு போட்டு அடைத்து,
மேலே பீரோவை நிறுத்திவிட்டால்
ஆயுசுக்கும் கேள்வி கிடையாது.
அவனியாபுரம் முதல் ஆனையூர் வரை
இருநூறு பீரோக்களுக்கு அடியில்
என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.

வில்லாபுரம், ஹவுசிங் போர்டு, இரண்டாம் மாடி.
சகாயராணி சொன்னார்:
"பீரோ இல்லண்ணே. அது மேலூர்லயே நின்னுருச்சு."
கட்டிலும் அங்கேதானாம்.
நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

இங்கே இருந்தது ஒரு பாய், ஒரு மிக்சி,
மூன்று வயது ஆல்வின்,
தெற்குவெளி வீதிக் கடையில் அவரே நின்று பொறுக்கிய
சாய்சதுர ஓடுகள்:
வெள்ளை, சாம்பல், கறுப்பு.

மூன்றும் முனைசேர்ந்தால் ஒரு பெட்டி.
பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே காலியிடம் இல்லை,
அங்கேயும் பெட்டிதான்.
ஒன்றின் மூடி இன்னொன்றின் தோளில்.
வெள்ளையை மேலே என்று நினைத்தால் படிக்கட்டு;
கண்ணை ஒருதரம் சிமிட்டினால்
அதே படிக்கட்டு தலைகீழாய்த் தொங்கும்.

சன்னல் பக்கம் பதினோரடி.
வாசல் பக்கம் மூன்று அங்குலம் குறைவு.
சந்தனராஜ் டேப்பை மாற்றிப் பிடித்தான்.
மறுபடியும் மூன்று அங்குலம்.

சதுர ஓடென்றால் ஏய்க்கலாம்.
இது ஒன்றையொன்று கவ்விக்கொண்ட ரகம்,
ஒருவனை நகரச் சொன்னால்
தெருவே கிளம்பி வரும்.

மத்தியானம் வரை ஓர் ஓடும் பதிக்கவில்லை.
சாக்பீஸால் வெறுந்தரையில் கணக்கு.
மூன்று அங்குலமென்றால் இருபத்து நாலு நூல்.
குறுக்கே எண்ணினேன்,
பெட்டிகள் இருபத்து நாலு.
இன்னொரு முறை எண்ணினேன்.
பீடியை அணைத்தேன்.

சன்னலோரம் இடுக்குக்கு ஒரு நூல் கூடுதல்.
அங்கிருந்து வாசலை நோக்கி வர வர
அதுவும் இளைத்து, இளைத்து,
நிலைப்படியில் ஒன்றுமில்லை.
பிசகு போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.
அறை முழுக்க இருக்கிறது,
எந்தக் காலுக்கும் தட்டுப்படாத அளவில்.

மூன்று நாள் முட்டியில் நடந்தேன்.
நாலாம் நாள் இடுக்குகளில் சாம்பல் பூசி,
ஈரத்துணியால் துடைத்துவிட்டு நிமிர்ந்தால்
ஆல்வின் வாசலிலேயே நிற்கிறான்.
ஒரு காலைத் தூக்குகிறான், வைக்கமாட்டேன் என்கிறான்.
"குழி" என்கிறான்.
அம்மா உள்ளே போய்க் குதித்துக் காட்டினார்.
செருப்பில்லாத பாதம்,
லேப் வேலைக்குக் கட்டிய சேலை,
அந்தக் குதி கொஞ்சம் அதிகம்தான்.
பையன் யோசித்தான்.
வெள்ளையை மட்டும் மிதித்து மிதித்து
சன்னல் வரை போய்ச் சேர்ந்தான்.

புரட்டாசியில் போன் வந்தது.
"தரை எப்படிம்மா இருக்கு?"
"தெருவிளக்கு வெளிச்சம் விழுந்தா
எல்லாப் பெட்டியும் குழியாயிருதுண்ணே.
இவன் உள்ள காரெல்லாம் நிறுத்தி வச்சிருக்கான்."
பிறகு,
"தவணையில ஒரு பீரோ எடுத்திருக்கேன்.
எங்க வைக்கலாம்?"

பத்தொன்பது வருஷத் தொழிலில்
இந்தக் கேள்வி என் பக்கமிருந்துதான் போகும்.
வந்ததில்லை.

"எங்க வேணும்னாலும்" என்றேன்.
போனை வைக்க மனசு வரவில்லை.
"சன்னலுக்குக் கீழ, இடமிருந்து நாலாவது பெட்டி,
கறுப்புல மயிரிழையா ஒரு கீறல்.
சந்தனராஜ் சுத்தியல விட்டுட்டான்.
அன்னைக்கு சொல்லல."

"தெரியும்ணே" என்றார்.
"அதுதான் அவனுக்குப் பெரியார் பஸ் ஸ்டாண்டு."